கோழிமுட்டைப் பெட்டியில் ஒரு செய்முறைத் தேர்வு

நான் முதன்முதலாக மருந்து வட்டு வைத்த அன்று, ஆறு வட்டுகளில் நான்கு தரையில் விழுந்தன. அவற்றில் ஒன்று என் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மாலை வரை கல்லூரி முழுக்க என்னோடு சுற்றியது. விடுதிக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு. அதன்மேல் ஆங்கில எழுத்து அழுக்கோடு அழுக்காகத் தெரிந்தது. ஜென்டாமைசின். நல்ல மருந்து. என் செருப்பில் அன்று எந்தக் கிருமியும் இருந்திருக்காது.

அப்போது நான் நுண்ணுயிரியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நர்சிங் கிடைக்கவில்லை, விண்ணப்பத்தில் அதற்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் டிக் அடித்தேன், இது கிடைத்தது. ஊர் எடப்பாடி. அப்பா, அம்மா இருவருமே விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிக்கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சத்தத்துக்குள் பேசிப் பழகியதால் எனக்கு மெதுவாகப் பேச வராது. ஆய்வகத்தில் நான் வாயைத் திறந்தால் மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆய்வகப் பொறுப்பில் இருந்த மேடம் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, ஒல்லியான குரல். கோபம் வந்தாலும் அந்தக் குரல் உயராது. "எனக்குக் காது கேக்குதும்மா. கிருமிக்கும் கேக்கும். கொஞ்சம் மெதுவா" என்பார்.

அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தட்டில் அகார் என்ற கெட்டியான கூழ் இருக்கும். கிருமி கலந்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து அதன்மேல் ஓர் இடம் விடாமல் தடவ வேண்டும், கோலம் போடுவதற்கு முன் வாசல் மெழுகுவதுபோல. பிறகு ஒவ்வோர் ஆன்டிபயாடிக்கிலும் ஊறவைத்துக் காயவைத்த காகித வட்டுகளை இடைவெளி விட்டு மேலே வைக்க வேண்டும். தட்டைக் கவிழ்த்து, உடம்புச் சூட்டில் இயங்கும் இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்தால், கிருமி தட்டு முழுக்கப் புல்தரை போல வளர்ந்துவிடும். மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்தால் அந்த வட்டைச் சுற்றி மட்டும் எதுவும் வளராமல் தெளிவான வளையம் விழும். ஸ்கேலை வைத்து அதன் குறுக்களவை எடுப்போம். வளையம் சிறுத்துப்போனாலோ விழாமலே போனாலோ அந்த மருந்தை அந்தக் கிருமி மதிக்கவில்லை என்று அர்த்தம்.

கேட்க எளிது. எனக்குத்தான் கை நடுங்கும். இடுக்கியால் வட்டை எடுத்துத் தட்டருகே கொண்டுபோகும்போது விரல்கள் தறியில் ஊடிழை கோக்கும் நாடாவைப் போல இங்கும் அங்கும் ஓடும். வைத்த வட்டுகள் நெருக்கமாக விழுந்து வளையங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கிருமி நீரின் கலங்கலும் எனக்குச் சரியாக வராது. ஒருமுறை அதை அவ்வளவு நீர்க்கக் கரைத்தேன், மறுநாள் தட்டில் ஒன்றுமே இல்லை. எல்லா மருந்தும் எல்லாக் கிருமியையும் கொன்றுவிட்டது என்று நோட்டில் எழுதினேன். மேடம் அதன் கீழே, "கிருமியே இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வருகைப் பதிவேட்டில் எனக்கு அடுத்த எண் யாருடையதோ அவளே எனக்கு ஆய்வகக் கூட்டாளி. நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருவாள். வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார்கள். எதையும் அடுப்படி வேலையோடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. கலங்கலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

"சோறு வடிச்ச தண்ணி தெரியுமல்ல? மொதல்ல வடியற கெட்டித் தண்ணியில்ல, அப்புறம் தெளிவா வரும் பாரு, அந்த மாதிரி இருக்கோணும். மோராட்டம் ஆயிருச்சுன்னா தண்ணி ஊத்து."

அதற்குப் பிறகு எனக்குக் கலங்கல் தவறியதில்லை. கை நடுக்கம்தான் மிச்சம்.

செய்முறைத் தேர்வு ஐப்பசியில் வந்தது. இரண்டு நாள் தேர்வு. முதல் நாள் தட்டுகளைத் தயார்செய்து வைக்க வேண்டும், மறுநாள் காலை வளையங்களை அளந்து வெளித்தேர்வாளரிடம் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு தட்டு.

தேர்வுக்கு முந்தைய நாள் காலையில் நல்ல மழை. இடி ஒன்று கல்லூரி மேலேயே விழுந்ததுபோல் இறங்கியது. விளக்குகள் ஒரு கணம் வெள்ளையாக எரிந்து அணைந்தன. மின்சாரம் திரும்பி வந்தபோது எல்லாம் வந்தது, இன்குபேட்டரைத் தவிர. பின்பக்கம் லேசாகக் கருகல் வாசனை. சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே மின்சுற்றுப் பலகை ஒன்று போய்விட்டது, வரவழைக்க மூன்று நாளாகும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மேடம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. தேர்வைத் தள்ளிவைக்க முடியாது, வெளித்தேர்வாளருக்கு அடுத்த வாரம் வேறு கல்லூரிகள். சித்திரையாக இருந்தால் தட்டை வெளியே வைத்தாலே போதும், எங்கள் ஊர் வெயில் எதையும் வளர்க்கும். ஐப்பசி இரவில் அது நடக்காது. தெர்மாகோல் பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிடலாம் என்று ஒருவன் சொன்னான். விடிய விடிய யார் உட்கார்ந்து சூட்டைப் பார்ப்பது?

அப்போது என் கூட்டாளி கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்கூட்டுல முட்ட பொரிக்கற மெசின் இருக்குதுங்க. நூறு முட்ட வெக்கலாம். அதுவும் ஏறக்கொறைய இதே சூடுதானுங்களே?"

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "எவ்வளவு டிகிரி?" என்றார்.

"முப்பத்தேழரைங்க. கொறைக்கவும் செய்யலாமுங்க."

"உங்க அம்மாவுக்குப் போன் போடு."

கூட்டாளி ஸ்பீக்கரில் போட்டாள். ஆய்வகமே மேசையைச் சுற்றி நின்றது.

"அம்மா, மெசின்ல முட்ட வெச்சு எத்தன நாளாச்சு?"

"இன்னிக்கோட பதினெட்டு. ஏன் கண்ணு?"

"காலேஜுக்கு வேணுமாம்."

"முட்டையா?"

"மெசினு."

மறுமுனையில் கோழிகள் கத்தின. "ஏன், உங்க காலேஜுல கோழி வளக்கறாங்களா?"

"இல்லம்மா. கிருமி வளக்கறோம்."

"அடக் கெரகமே! அதுக்கு என்ற மெசினா கெடச்சுது?"

மேடம் போனை வாங்கினார். தன் பெயரையும் பொறுப்பையும் சொல்லி, நிலைமையை அதே மெல்லிய குரலில் விளக்கினார். நாங்கள் பயன்படுத்துவது கற்பிப்பதற்கென்றே வைத்திருக்கும் கிருமி, ஆபத்தில்லாதது என்றார். ஆனாலும் முட்டைகளும் தட்டுகளும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கவே கூடாது, திருப்பித் தரும்போது பெட்டியை மருந்து போட்டுச் சுத்தம் செய்துதான் தருவேன் என்றும் சொன்னார்.

மேடம் பேசப் பேச அந்த அம்மாவின் குரல் இளகியது. "அதெல்லாம் சரிங்க மேடம். முட்டைய என்ன பண்றதுன்னுதான் யோசிக்கறனுங்க. இருபத்தாறு இருக்குது." பிறகு அவரே, "ரெண்டு கோழி அடைக்கு உக்காந்திருக்குதுங்க. முட்ட வெக்காம உட்டதுக்குச் செங்கல்ல அடகாத்துக்கிட்டுக் கெடக்குதுக. அதுக கிட்டக் குடுத்துப் பாக்கறனுங்க. புள்ளைக பரிச்சையாச்சே" என்றார்.

"சூடு நிலையா நிக்குமாம்மா?"

"ஒரு புள்ளி ஏறுனாப் போதும், பீப்பீன்னு கத்துமுங்க. என்ற ஊட்டுக்காரர உட அதிகமாக் கத்துமுங்க."

அன்று மதியம் மழை விட்டபின், அவர் மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. யாரையும் தொடவிடவில்லை. தானே அவிழ்த்தார், ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை மகளிடம் கொடுத்தார். மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே சிவப்பில் ஒளிரும் எண்கள். உள்ளே ஒரு சிறு விசிறி, தண்ணீர் ஊற்றும் தட்டம், முட்டைகளை மணிக்கொரு தடவை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொடுக்கும் ஒரு சட்டம். மேடம் ஸ்பிரிட் போட்டு உள்ளே துடைத்தபோது மூலையிலிருந்து ஒரு குட்டி இறகு வந்தது. அதை இடுக்கியால் எடுத்துத் தனியாகப் போட்டார்.

முட்டைக் குழிகள் இருந்த தட்டை எடுத்துவிட்டு, சட்டத்தின்மேல் ஒரு சல்லடைத் தகட்டைப் பொருத்தினோம். சூட்டை முப்பத்தைந்துக்கு இறக்கினார் அந்த அம்மா. மேடம் நம்பாமல் இரண்டு வெப்பமானிகளை உள்ளே வைத்தார். மாலை வரை இரண்டும் அசையவில்லை. மறுநாள் காலையிலும் அசையவில்லை.

பெட்டியை வைத்துவிட்டு அன்று மாலை கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் அந்த நேரம் எங்கோ போயிருந்தாள். பெட்டியின் பின்பக்கம் இருந்த கறுப்புச் சுவிட்சைக் காட்டினார். "இது உருட்டுற சுவிச்சு, சாமி. இது மட்டும் ஓடக் கூடாது. உங்க தட்டெல்லாம் சாஞ்சு போயிரும். பாத்துக்கோ."

"பாத்துக்கறனுங்க" என்றேன், வராந்தா அதிர.

தேர்வன்று வந்த வெளித்தேர்வாளர் குள்ளமான, கண்ணாடி போட்ட மனிதர். உள்ளே வந்ததும் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் பெட்டிதான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். கதவில், "பொரிக்கும் நாள் 21" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். மேடம் ஒரு தாளை நீட்டினார். முந்தைய மாலை தொடங்கி அன்று காலை வரை, தானும் வாட்ச்மேனும் மாறி மாறிக் குறித்த வெப்பநிலைகள். எல்லாம் ஒரே எண். அவர் தாளை இரண்டு முறை படித்தார், கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார், மூடினார்.

"ஆரம்பிக்கலாம்" என்றார்.

அன்று என் கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய். நடுங்கியது. ஆனால் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும் என்று அதற்கு முந்தைய வாரம் நானாகக் கண்டுபிடித்திருந்தேன். கலங்கலை வடிகஞ்சி பதத்துக்குக் கொண்டுவந்தேன். தட்டை மூன்று திசையில் திருப்பித் திருப்பித் தடவினேன். ஒவ்வொரு வட்டாக வைத்து, இடுக்கியின் நுனியால் மெல்ல அழுத்தினேன். ஆறும் விழாமல் உட்கார்ந்தன. எனக்கே நம்பிக்கை வராமல் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

எல்லோருடைய தட்டுகளுக்கும் டேப் ஒட்டி, கவிழ்த்து, நான்கு நான்காக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே வைத்தோம். மற்றவர்கள் வெளியேறினார்கள். அப்போதுதான் எனக்குக் கறுப்புச் சுவிட்ச் நினைவு வந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது தேய்ந்துபோயிருந்தது. மேல்பக்கம் அழுந்தியிருந்தது. அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று எப்படிச் சொல்வது? வீட்டில் முட்டைகளை உருட்டிக்கொண்டிருந்த பெட்டிதானே, நிச்சயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். கீழ்ப்பக்கத்தை அழுத்தினேன். எந்தச் சத்தமும் வரவில்லை. பொறுப்பை முடித்த நிம்மதியோடு விடுதிக்குப் போய் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

பதினெட்டாம் நாளோடு முட்டைகளை உருட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதும், அதனால் அந்த அம்மா சுவிட்சை முன்பே அணைத்துவிட்டார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை நாங்கள் ஆய்வக வாசலில் நின்றபோது அந்த அம்மாவும் வந்துவிட்டார். மகளுக்கு டிபன் பாக்ஸ் கொடுக்க வந்ததாகச் சொன்னார். அவர் பார்க்க வந்தது மகளை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேடம் கதவைத் திறந்தார். அந்த அம்மா உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்தார்.

"ஏனம்மிணி, உருட்டுற மோட்டார் ஓடுதே!"

எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மேடம் ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடுக்குகள் சரிந்து, தட்டுகள் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

முந்தைய நாள் நான் அழுத்திய சுவிட்ச். இருபத்திரண்டு பேருடைய தேர்வு. பின்னால் வெளித்தேர்வாளர் வரும் செருப்புச் சத்தம். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது, மின்சாரம் போய்வந்ததில் தானாக ஓடியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். அந்த யோசனை எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மா கலங்கிப்போய், "நாந்தான் சரியா நிறுத்தாம வந்துட்டேனோ என்னமோ" என்று மேடத்திடம் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தானுங்க மேடம்! நிறுத்தறதா நெனச்சுப் போட்டுட்டனுங்க!"

இந்த முறை யாரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை. மேடம் என்னைப் பார்த்தார், பிறகு சுவிட்சை அணைத்தார். "முதல்ல தட்டை எடுங்க. பார்த்துக்கலாம்" என்றார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அவரவர் மேசையில் வைத்தோம். உடைந்தது எதுவும் இல்லை. என் தட்டைக் கையில் எடுக்கப் பயமாக இருந்தது. கூட்டாளிதான் எடுத்துத் திருப்பினாள். திருப்பியவள், "ஏ, இங்க பாரு!" என்றாள்.

பால் ஆடை போல ஒரே சீராகக் கிருமி வளர்ந்திருந்தது. அதன் நடுவே வளையங்கள், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல. பென்சிலினைச் சுற்றி மட்டும் வளையமே இல்லை. அது இருக்கக் கூடாது என்பதுதான் சரியான விடை, அந்தக் கிருமிக்குப் பென்சிலின் பொருட்டே இல்லை. மூன்று ஆண்டுகளில் என் கையால் அப்படி ஒரு தட்டு வந்ததில்லை. அவ்வளவு சந்தோஷத்தையும் குற்ற உணர்வையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளித்தேர்வாளர் நேராக என்னிடம் வந்தார். அதற்குள் மேடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"நீதானே சுவிட்ச் போட்டது?"

"ஆமாங்க சார்."

"சரி. அப்ப உனக்கு இதுதான் கேள்வி. தட்டு ராத்திரி பூராவும் சாஞ்சு சாஞ்சு நின்னுருக்கு. மருந்து ஒரு பக்கமா வழிஞ்சு வளையம் கோணலாத்தானே வந்திருக்கணும்? ஏன் வரலை?"

நான் யோசித்தேன். வீட்டில் அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிச் சேலைக்குப் போடும்போது அது இழைகளுக்குள் ஊறிப் பரவுவது நினைவுக்கு வந்தது, ஆனால் அதைச் சொன்னால் நன்றாக இருக்காது. "மருந்து தண்ணியா ஓடலைங்க சார். அகாருக்குள்ள ஊறி ஊறிப் போகுது. கெட்டியான கூழுக்குள்ள எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் ஊறும். தட்டு எப்படி நின்னாலும் அதுக்குத் தெரியாதுங்க."

"வட்டு ஏன் நகரலை?"

"அழுத்தி வெச்சனுங்க சார்."

அவர் ஸ்கேலை என்னிடம் கொடுத்தார். தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கமாக அளந்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் முப்பத்தொன்று, ஜென்டாமைசின் இருபத்திரண்டு, டெட்ராசைக்ளின் இருபது. அவரும் அளந்தார். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதையும் எனக்குச் சாதகமாக விட்டுவிட்டார்.

என் கூட்டாளிக்குத்தான் சோதனை வந்தது. அவள் ஒரு வட்டைச் சரியாக அழுத்தவில்லை. சட்டம் சாயச் சாய, அது ஈரத்தில் வழுக்கி ஒரு விரல் தூரம் நகர்ந்திருந்தது. கிளம்பின இடத்திலும் போய்ச் சேர்ந்த இடத்திலுமாக மருந்து ஊறியதால், அந்த வளையம் நீண்டு கிடந்தது. வெளித்தேர்வாளர் அதைப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார்.

"முட்ட மெசின்ல வெச்சா வட்டமும் முட்டையாட்டந்தானுங்க சார் வரும்" என்றாள் அவள்.

மேடம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவுன்னு எழுதப் போற?"

"எழுத மாட்டனுங்க. இத அளக்கக் கூடாது. இந்த ஒரு மருந்துக்கு மட்டும் மறுபடியும் வெக்கோணும்."

"அதைத் தெரிஞ்சு வச்சிருக்கியே, அது போதும்" என்று மதிப்பெண் தாளில் எதையோ எழுதினார். அவளும் தேறினாள், நானும் தேறினேன். அந்த ஆண்டு யாரும் தோற்கவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "அழுத்தாதது நானு. நீ ஏன் அழுவற?" என்று டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைத் தந்தாள்.

எல்லாம் முடிந்தபின் மேடம் அந்த அம்மாவை உள்ளே அழைத்தார். மூடியிருந்த தட்டுகளைத் தள்ளி நின்று காட்டினார். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த மருந்தச் சுத்தி மட்டும் ஏனுங்க ஒண்ணுமே ஆகல?"

இந்தக் கிருமிக்கு அந்த மருந்து ஏறாது என்றார் மேடம். சில கிருமிகள் பிறவியிலேயே அப்படி, சில நாம் பழக்கி விடுவதால் அப்படி ஆகின்றன. தேவையில்லாமல் அடிக்கடி மருந்து கொடுத்தால், தப்பிப் பிழைக்கிற கிருமிகள் மட்டும் பெருகி, கடைசியில் எந்த மருந்தும் கேட்காமல் போய்விடும்.

அந்த அம்மா யோசித்தார். "எந்நேரமும் புள்ளைகளத் திட்டிக்கிட்டே இருந்தம்னா, அப்புறம் நெசமாத் திட்டறப்போ காதுலயே வாங்காதுகளே, அந்தக் கணக்குங்களா?"

மேடம் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு, "நான் இதுக்கு மூணு வகுப்பு எடுப்பேம்மா" என்றார்.

"பக்கத்துத் தோட்டத்துல கோழி தும்முனாக்கூடத் தண்ணியில மருந்தக் கலக்கிருவாருங்க. நானும் ரெண்டு தடவ வாங்கிட்டு வந்து வெச்சிருக்கறேன்" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "இனி டாக்டரக் கேக்காமத் தொட மாட்டனுங்க."

பெட்டியை உடனே கொடுக்க மேடம் சம்மதிக்கவில்லை. மேடமும் நானும் கூட்டாளியுமாகப் பிளீச்சிங் கரைசலில் அதை இண்டு இடுக்கு விடாமல் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேடமும் கூட வந்தார். கல்லூரிக்கு வெளியே அவரை நாங்கள் பார்த்தது அன்றுதான். பச்சைச் சேலை கட்டியிருந்தார்.

இருபத்தாறு முட்டைகளில் இருபத்து மூன்று பொரித்திருந்தன. மெசினில்கூட இத்தனை பொரித்ததில்லை என்றார் அந்த அம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. செங்கல்லில் உட்கார்ந்திருந்த கோழிகள் இரண்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வாசலில் குஞ்சுகளை மேய்த்தன. மேடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவற்றின் பின்னாலேயே போனார். ஒரு மஞ்சள் குஞ்சைக் காட்டி, "எடுத்துப் பார்க்கலாமா?" என்று குழந்தை போலக் கேட்டார்.

"எடுங்க மேடம். மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. இன்னும் பச்சக் குஞ்சு."

நானும் கூட்டாளியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். மேடம் நேராகத் தொட்டிக்குப் போய், விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று வரிசையாகச் சோப்புப் போட்டுக் கழுவி, கைகளை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். குஞ்சு அவர் உள்ளங்கையில் இரண்டு நிமிடம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. பிறகு எச்சமிட்டது. அந்த அம்மா பதறித் துணி எடுத்துவர ஓடினார். மேடம் பதறவில்லை. கையைக் கண்ணருகே கொண்டுபோய் ஆர்வமாகப் பார்த்தார்.

"ஒரு பஞ்சுக்குச்சி கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் நினைத்தோம். கறிக்குழம்பும் களியும் சாப்பிட்டுப் பேருந்து ஏறும்போது, அடுத்த பருவத்துக்கு எங்கள் இருவருக்கும் அதையே புராஜெக்டாகக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக் கோழிகளின் எச்சத்திலிருந்து கிருமியைப் பிரித்து, எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதம் வேலை செய்தோம். சரிசெய்து வந்த இன்குபேட்டரில்தான். ஒன்றிரண்டைத் தவிர எல்லா மருந்துக்கும் நல்ல வளையம் விழுந்தது.

அறிக்கையின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்த அம்மா எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், தன் பிள்ளை முதல் ரேங்க் வாங்கியதுபோல் முகம் மலர்ந்தது. அந்தத் தாளைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டினார். இப்போது நான் சேலத்தில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் இதே வட்டுகளை வைக்கிறேன், கூட்டாளி மேற்படிப்புக்குப் போயிருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாள் பழுப்பேறி அங்கேயே தொங்கியது.

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிட்டயும் கேட்டுப் பாத்தேன் சாமி, அவங்க கோழியையும் சோதிச்சுப் பாக்கலாம்னு" என்றார் அந்த அம்மா, எனக்குக் காப்பியை நீட்டிக்கொண்டே. "வேண்டவே வேண்டாம்னுட்டாரு. பெயிலாயிரும்னு பயம்."